நாற்காலியில் கிடந்த துணி

என் தம்பி இருக்கும் வீட்டில் எந்தத் துணியையும் போட்டது போட்டபடி விட முடியாது. காய்ந்த போர்வையைக் கட்டிலில் எறிந்துவிட்டு அடுப்பை அணைக்கப் போவேன். திரும்பி வருவதற்குள் அது நறுக்கென்று மடிந்து, ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தி, சுவரோரமாக உட்கார்ந்திருக்கும். என் வீட்டுக்காரர் தலையைத் துவட்டிவிட்டு நாற்காலி முதுகில் போடுகிற துண்டுக்கும் அதே கதிதான். "உன் தம்பி பக்கத்துல அசந்து தூங்கினா என்னையும் எட்டா மடிச்சு அலமாரில வச்சிடுவான்" என்று அவர் சொல்லாத நாளில்லை. தம்பியைக் கேட்டால், "நானா மடிச்சேன்?" என்று திருதிருவென்று விழிப்பான். பாசாங்கு இல்லை. அவனுக்கு உண்மையாகவே தெரியாது.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு துணிக்கடையில் சேர்ந்தவன் அவன். பெட்ஷீட், திரைச்சீலை, மேசைவிரிப்புப் பகுதி. வருகிறவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள், உதறிப் பார்ப்பார்கள், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள், கடைசியில் வேறு கடைக்குப் போவார்கள். பிரித்ததை எல்லாம் இவன் மடிக்க வேண்டும். வருஷக்கணக்காக இதைச் செய்த கைக்குத் தலையிடமிருந்து உத்தரவு எதற்கு? மருந்துக்கடையில் நிற்கிற எனக்கே, யாராவது இருமினால் கை தானாக இருமல் மருந்து இருக்கும் தட்டுப் பக்கம் போகிறது.

ஆனால் அதே கை வரையவும் செய்தது. புதுச் சட்டைக்குள் விறைப்புக்காக ஒரு வெள்ளை அட்டை வைத்திருப்பார்களே, கடையில் அது குப்பைக்குத்தான் போகும். இவன் அதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து, அன்றைக்குக் கடைக்கு வந்த முகங்களை வரைவான். இரண்டு திரைச்சீலைகளை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மனைவி புருஷனைப் பார்க்கிற பார்வை ஒன்று வரைந்திருந்தான். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் என்னை ஒருமுறை, அட்டையை ஒருமுறை பார்த்தார். "மாமா, இது அக்கா இல்ல" என்று தம்பி அவசரமாகச் சொன்னான். அது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போட வேண்டும், அதுதான் அவன் ஆசை. ஆசையை மென்று முழுங்கிக்கொண்டு முப்பது வயது வரைக்கும் துணி மடித்தான். ஓவியக் கல்லூரியில் காலை வகுப்பு உண்டு, வயது ஒரு தடையில்லை என்று நான் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னேன். நுழைவுத் தேர்வுக்குத் தள்ளிக்கொண்டு போனதும் நான்தான். கடை முதலாளி முணுமுணுத்துவிட்டு, மதியத்துக்கு மேல் வந்தால் போதும் என்று சம்மதித்தார். முதல் நாள் சட்டையை இஸ்திரி போட்டு, உள்ளே விட்டு, பெல்ட் கட்டி, ஷூ துடைத்துக்கொண்டு கிளம்பினான். அன்றே வந்தது வினை.

இவன் வகுப்பறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றார்கள். எல்லாம் பள்ளிக்கூடம் முடித்த சூட்டோடு வந்ததுகள், கிழிந்த பேண்டும் கலைந்த தலையும். இவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாடிக்கையாளர் எழுந்து நின்றால் இவன் வாயில் என்ன வருமோ அதுதான் வந்தது. "உட்காருங்க, உட்காருங்க" என்றான். எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிறகு இவன் போய்க் கடைசி வரிசையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தபோது வகுப்பு சிரித்த சிரிப்பில் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்ததாம். அன்றிலிருந்து அவன் பெயர் 'சார்'. சார் பென்சில் இருக்கா, சார் நகருங்க, சார் டீ குடிக்க வர்றீங்களா. கேலிதான், கெட்ட பிள்ளைகள் இல்லை. ஆனால் ஒவ்வொரு சாருக்கும் இவன் ஒரு அங்குலம் குறுகிக்கொண்டே போனான்.

எங்கே வேலை பார்க்கிறீர்கள் சார் என்று ஒரு பெண் கேட்டபோது, ஒரு கம்பெனியில் டிஸ்ப்ளே பார்க்கிறேன் என்று சொல்லிவைத்தான். என்னிடம் வந்து அதைச் சொன்னபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. திருடினானா, யார் குடியையாவது கெடுத்தானா? பொம்மைக்குச் சட்டை மாட்டுவதும் நான்தானே, அப்படியென்றால் டிஸ்ப்ளேதானே என்று வாதாடினான். வெட்கப்படுகிறவனுக்கு வாதம் மட்டும் நன்றாக வரும். பிறகு ஒருநாள் அந்தப் பெண்ணே தன் அம்மாவோடு கடைக்கு வந்துவிட்டாள். இவன் திரைச்சீலைச் சுருள்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான், அவர்கள் போகும்வரை வெளியே வரவில்லை. அவர்கள் கலைத்துப்போட்டதை வேறொருவர் மடித்தார். அதைச் சொல்லும்போது முகத்தைத் தரையைப் பார்த்து வைத்துக்கொண்டான்.

இனி அந்தத் துணிக்கு வருகிறேன்.

அரையாண்டு மதிப்பீட்டுக்கு அவர்களுக்குக் கொடுத்த வேலை, நாற்காலி மேல் போட்ட ஒரு துணியைக் கரியால் வரைவது. அவர்களுடைய மேடம் சாம்பல் நிறத்தில் கனமான ஒரு துணியை எடுத்து, மர நாற்காலி மேல் ஒரே வீச்சாக வீசினாராம். விழுந்தது விழுந்தபடி அதை வாரக்கணக்கில் வரைய வேண்டும். எந்தச் சுருக்கம் எங்கே தொடங்கி எங்கே காணாமல் போகிறது, எந்தப் பள்ளத்தில் நிழல் எவ்வளவு ஆழம் என்று பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸ் கோடு. மூச்சு விட்டால்கூடத் துணி மேல் படக் கூடாது என்று உத்தரவு. அந்த அறையைப் பெருக்குகிற அம்மாவும் கோட்டுக்கு வெளியே விளக்குமாற்றை நிறுத்திவிடுவார். இந்த மதிப்பீட்டில் தேறாதவர்களுக்கு அடுத்த வருஷம் இடமில்லை.

என் தம்பியை அங்கேயா கொண்டுபோய் நிறுத்த வேண்டும்? கலைந்து கிடக்கிற துணியைத் தொடாமல் தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால், அவனுக்கு அது வகுப்பு இல்லை, தண்டனை. அந்த வாரம் கடையில் தள்ளுபடி விற்பனை வேறு. கூட்டம் அள்ளிக்கொண்டு போனது, கைக்கு ஓய்வே இல்லை. படம் பின்தங்கிவிட்டது என்று ஒரு காலையில் யாரும் வருமுன்னே போய் உட்கார்ந்தான். அப்போது, தள்ளுபடிக்காக விடிந்ததும் திறந்துவிட்ட கடையிலிருந்து போன் வந்தது. பெரிய அளவு பெட்ஷீட்டில் நீலப்பூப் போட்டது எந்தத் தட்டில் இருக்கிறது என்று மேற்பார்வையாளர் கேட்டார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது பக்கம் மூன்றாவது தட்டு, இல்லை அதற்குக் கீழே, பின்னால் பாருங்கள் என்று எழுந்து நடந்தபடியே பேசினான். பேசி முடித்துப் போனைப் பையில் போடும்போது பார்த்தால், சாம்பல் துணி எட்டாக மடிந்து, ஓரம் அவன் பக்கம் பார்த்தபடி, நாற்காலி மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

அவன் அதை உதறி எடுத்து மறுபடி நாற்காலியில் வீசினான். வேறு மாதிரி விழுந்தது. இன்னொரு முறை வீசினான், இன்னும் வேறு மாதிரி. எப்படி இருந்தது என்று தன் படத்தைப் பார்த்து அடுக்கலாம் என்று போனால், அங்கே இன்னொரு அடி விழுந்தது. அவன் வரைந்திருந்த துணியில் சுருக்கங்கள் எல்லாம் சீராக, சம இடைவெளியில், கடைக் கண்ணாடிக்குள் தொங்குகிற திரைச்சீலை மாதிரி இருந்தன. இத்தனை நாளும் துணி கிடந்ததை இவன் வரையவே இல்லை, கிடக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றியதைத்தான் வரைந்திருக்கிறான். அதற்குள் படியில் காலடிச் சத்தம். துணியை நாற்காலியில் வைத்துவிட்டுப் பின் வாசல் வழியாக ஓடினான். தண்ணீர்க் குழாயடியில் நின்றபோதுதான் நினைவு வந்ததாம், வைக்கும்போது இரண்டாவது தடவையும் மடித்து வைத்திருக்கிறான்.

எல்லாரும் வந்த பிறகு, அப்போதுதான் வருகிறவன் போல உள்ளே வந்தான். வகுப்பு கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் தன் படத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். யார் செய்தது என்று மேடம் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை, இவனும்தான். இவ்வளவு அழகாக மடித்து வைத்திருக்கிறதே, சுத்தம் செய்ய வருகிறவர்தான் செய்திருப்பார் என்று யாரோ சொன்னார்கள். பெருக்குகிற அம்மாவைக் கூட்டிவந்தார்கள். நான் தொடவே இல்லை என்று முதலில் சொன்னார். மேடத்தின் முகத்தைப் பார்த்தார், பின்னால் வந்து நின்ற அலுவலக மேலாளரைப் பார்த்தார். இல்லை என்று சொல்லச் சொல்லப் பேச்சு நீளும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் மடித்திருப்பேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அத்தோடு விட்டிருந்தால்கூட என் தம்பி எப்படியாவது சமாளித்திருப்பானோ என்னவோ. அந்த அம்மா கிளம்பினவர் நின்று, கடைசி வரிசைக்கு வந்து, இவன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்களும் மன்னிச்சிடுங்க சார்" என்றார். மற்றப் பிள்ளைகளை எல்லாம் தம்பி, பாப்பா என்றுதான் கூப்பிடுவார். இவனை மட்டும் முதல் நாளிலிருந்து சார் என்பார். பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு, இவனும் ஒரு வாத்தியார் என்று நம்பிக்கொண்டிருந்தார். இவன் என்ன செய்தான் தெரியுமா? தலையை ஆட்டினான். பரவாயில்லை என்கிற மாதிரி.

அன்று மதியம் நான் சாப்பிட வந்தபோது வீடு திறந்திருந்தது. கடைக்குப் போக வேண்டியவன் தரையில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் வீட்டில் இருக்கிற அத்தனை துணியும், கால்மிதி உட்பட, மடித்து அடுக்கியிருந்தது. கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னான்.

"சொல்லிட வேண்டியதுதானேடா, நான்தான் மடிச்சேன்னு."

"ஏன் மடிச்சேன்னு கேப்பாங்கக்கா."

"கைப்பழக்கம்னு சொல்லு."

"எங்கேர்ந்து வந்த பழக்கம்னு கேப்பாங்க."

கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று வந்தது. முப்பது வயது ஆளை அடிக்க முடியாது என்பதால் சும்மா இருந்தேன். எனக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைக்குப் போவதில் கேவலம் என்ன இருக்கிறது என்று இவனுக்கு நான் சொல்லாத நாளில்லை. அதெல்லாம் எந்தக் காதில் போனதோ. இரண்டு நாள் கழித்து, அந்த அம்மாவை ஓவிய அறைப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிக் கழிப்பறைகளுக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவனே வந்து சொன்னான். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான், வாயில் வைக்கவில்லை.

"அந்தம்மா உனக்காகக் கக்கூஸ் கழுவுறாங்கடா" என்றேன். அதற்குப் பிறகு அவனோடு நான் பேசவில்லை. சாப்பாடு போடுவேன், தண்ணீர் வைப்பேன், பேச மாட்டேன். என் வீட்டுக்காரர் நடுவில் மாட்டிக்கொண்டு, உப்பு வேண்டுமா என்று அவனையும், உப்பு எங்கே என்று என்னையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் மௌனம் அவனைப் பிடித்துத் தள்ளியதோ, வேறு எதுவோ, ஒருநாள் மேடத்தின் அறைக்குப் போய் நான்தான் மடித்தேன் என்று சொல்லிவிட்டான். மேடம் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். அந்த அம்மாவே ஒப்புக்கொண்டாயிற்று, நீங்கள் எதற்காகத் தூக்கிச் சுமக்கிறீர்கள், உங்கள் வயதுக்கு உங்களுக்கு இரக்கம் இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை என்றாராம். நீங்கள் எதற்கு அதை மடிக்கப்போகிறீர்கள் என்றும் கேட்டாராம். அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். கடை என்கிற சொல்லை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டான். மேடம் அவனை வகுப்புக்குக் கூட்டிப்போய், ஒரு ஏழை அம்மாவுக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார் உங்கள் சார், இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"கைதட்டினாங்கக்கா" என்று வீட்டுக்கு வந்து சொன்னான். பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்ததாம். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற என் வீட்டுக்காரர் அன்றைக்கு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போதும் பேசவில்லை.

மேடம் துணியை மறுபடி வீசிப்போட்டு, எல்லாரும் முதலிலிருந்து வரைந்தார்கள். இந்த முறை தம்பி சீர்செய்யாமல் வரைய முயன்றானாம். வரவில்லை, பாதிக்குப் பாதிதான் வந்தது. மதிப்பீட்டு நாளில் படங்களைச் சுவரில் வரிசையாக மாட்டி, ஒவ்வொருவரும் தன் படத்துக்கு முன்னால் நின்று பேச வேண்டும். எல்லாரும் நிழல், வெளிச்சம் என்று பேசினார்கள். இவன் முறை வந்தது. படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெருக்குகிற அம்மாவைக் கூப்பிட முடியுமா என்று மட்டும் கேட்டான். மேடம் புருவத்தைச் சுருக்கினார். ஒரு பெண் ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். அந்த அம்மா ஈரக் கையோடு வாசலிலேயே நின்றார்.

தம்பி சாக்பீஸ் கோட்டைத் தாண்டிப் போய் நாற்காலி மேலிருந்த துணியை எடுத்தான். யாரோ ஐயோ என்றார்கள். இரண்டு முனைகளைப் பிடித்து ஒரே உதறு. தாடைக்கடியில் நடுவை இடுக்கிக்கொண்டான், கைகள் விரிந்து சேர்ந்தன, பாதி, மறுபடி பாதி, முழங்கையில் ஒரு திருப்பு, மேசைகூடத் தேவைப்படவில்லை, காற்றிலேயே மடிந்தது. நாற்காலியில் வைத்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினான். அன்றைக்குக் கிடந்த அதே மடிப்பு, அதே ஓரம். அத்தோடு கை நின்றது, வாய் நிற்கவில்லை. மேடத்தைப் பார்த்து, கடையில் சொல்கிற அதே குரலில், "வேற கலர் எடுத்துக் காட்டட்டுமா மேடம்?" என்று கேட்டுவிட்டான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள், மேடம் சிரிக்காததைப் பார்த்துவிட்டு. நான் துணிக்கடையில் சேல்ஸ்மேன், தினமும் இதுதான் என் வேலை, அன்றைக்கு மடித்தது நான்தான் என்று தம்பி சொன்னான். பிறகு வாசலுக்குப் போய் அந்த அம்மாவிடம், "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றான்.

அந்த அம்மா அவனையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ நீங்க சார் இல்லையா?"

"இல்லம்மா. நானும் இங்க படிக்கிறவன்தான்."

"அன்னிக்கு உங்ககிட்ட மட்டும் தனியா வந்து மன்னிப்புக் கேட்டேனே" என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லையாம். கோபம் இருந்திருந்தால் தேவலை என்றான் தம்பி. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்து போய்விட்டார்.

மேடம் அவர் பின்னாலேயே கழிப்பறை வரைக்கும் போய் மன்னிப்புக் கேட்டு, மறுபடி ஓவிய அறைக்கே வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இங்கயே இருக்கேன் மேடம், இங்க யாரும் எதையும் வரைய மாட்டாங்க" என்றாராம். நான் அவரை நேரில் பார்த்ததில்லை, ஆனால் இந்த ஒரு வார்த்தைக்காக எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

தம்பி மதிப்பீட்டில் தேறினான், தொட்டுக்கோ துடைச்சுக்கோ என்று. சார் பட்டம் போய், இப்போது பிள்ளைகள் அவனை 'டிஸ்ப்ளே' என்று கூப்பிடுகிறார்கள். அது அவனுக்கு உறைக்கவில்லை. அன்றைக்குத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்தானே, அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் மறுபடி கடைக்கு வந்தார்கள். இவனே முன்னால் போய் நின்று ஒரு மூட்டை பெட்ஷீட்டைப் பிரித்துக் காட்டினான். ஒன்றும் வாங்காமல் போனார்கள்.

உறைப்பது வேறொன்று. பெருக்குகிற அம்மா வாளியோடு நடைவழியில் வரும்போது எல்லாப் பிள்ளைகளையும் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே வருவாராம், தம்பி நகரு, பாப்பா வழியை விடு என்று. இவன் பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றுவிடும். சாரும் இல்லை, தம்பியும் இல்லை. இவன் தானாக ஒதுங்கும்வரை வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ஒதுங்கினதும் போவார். கனமான வாளி. சில நாள் இவன் வாங்கிக்கொள்ளக் கை நீட்டியிருக்கிறான், அவர் கொடுக்கவில்லை.

கல்லூரியிலிருந்து நேரே சாப்பிட வருகிறான். நான் மருந்துக்கடையிலிருந்து வருகிறேன். தட்டை வைக்கும்போது தினமும் நான் கேட்பது ஒன்றுதான்.

"இன்னைக்காவது தம்பின்னு கூப்பிட்டாங்களாடா?"

"இல்லக்கா" என்பான். நான் கை துடைத்துவிட்டு மேசையில் போட்ட துணியை அவன் கை அதற்குள் மடித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பிரித்துக் கலைத்து, முன்பு கிடந்த மாதிரியே போட முயன்றுகொண்டிருப்பான்.